14ஆம் இலக்க வீடு யாருடையது?

ஜோர்ஜ் என்ற பெயருடைய பிரித்தானிய மன்னர் நால்வரின் ஆட்சிக்காலத்தை (1714-1830) வைத்து ஒரு கட்டடப் பாணிக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். டப்ளின் நகரின் ஹென்றியெற்றா வீதி 14ஆம் இலக்க வீடும் அந்தப் பெயரிலேயே அறியப்படுகிறது. 1740களின் பிற்பகுதியில் லூக் கார்டினர் கட்டிய வீடு. வெளியே அலங்காரமற்ற செங்கல் முகப்பும் அளவு பிசகாத சன்னல் வரிசையும். உள்ளே உயர்ந்த கூரைகள், சுதைவேலைப்பாடு, பெரும் படிக்கட்டு.

1800இன் இணைப்புச் சட்டம் அயர்லாந்துப் பாராளுமன்றத்தை இல்லாமற் செய்தது. பிரபுக்கள் மெல்ல இலண்டனுக்குப் பெயர்ந்தனர். பஞ்சத்தின் பின், கடனில் மூழ்கிய நிலப்பிரபுக்களின் காணிகளை விற்றுத் தீர்க்கும் நீதிமன்றம் இதே வீட்டில் இயங்கியது. பிரபுத்துவம் தனது வரவேற்பறையிலேயே ஏலம்போனது என்று சொல்லலாம்.

1876இல் தோமஸ் வான்ஸ் என்பவர் இதை வாங்கி, பெரும் படிக்கட்டைப் பிடுங்கி, பல குடியிருப்புகளாகப் பிரித்தார். வாடகை தராத அழகு அவருக்கு வீண் இடம். 1911 குடிசன மதிப்பின்போது இங்கே 100 பேர் வாழ்ந்தார்கள். கூரையோரச் சுதைப் பூக்களை வெட்டிக்கொண்டு தடுப்புச் சுவர்கள் எழுந்தன. உயரமான அறையைக் குளிர்காலத்தில் சூடாக்குவது ஏழைக்கு எவ்வளவு சிரமம் என்பதைக் கட்டடக்கலை நூல்கள் அநேகமாகச் சொல்வதில்லை. நடைச் சுவர்களுக்குச் செங்காவியும் நீலமும் பூசினார்கள். நம் வீடுகளில் வெள்ளைத் துணிக்குப் போட்ட அதே சலவை நீலம்.

சுதந்திர அயர்லாந்தில் இத்தகைய வீடுகள் பற்றி ஒரு விவாதம் நடந்தது. அந்நியன் விட்டுப்போன சின்னம், இடிக்கட்டும் என்றது ஒரு தரப்பு. கலைச்செல்வம், காக்கவேண்டும் என்றது மறுதரப்பு. 1960களில் ஃபிட்ஸ்வில்லியம் வீதியில் 16 வீடுகளை மின்சார சபை இடித்தது. 1963 யூனில் பழைய வீடுகள் தாமாகவே இடிந்து வீழ்ந்து நால்வர் மாண்டனர். முகப்பைப் பற்றி வாதிட்ட இரு தரப்பிலும், உள்ளே குடியிருந்தோர் எத்தனை பேரின் கண்ணிற் பட்டார்கள்?

14ஆம் இலக்கத்தின் கடைசிக் குடும்பங்கள் 1970களின் பிற்பகுதியில் வெளியேறின. 2018இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பிரபுவின் மாளிகையாக அதை மீட்டெடுத்திருக்கலாம். தேர்ச்சிபெற்ற கைவினைஞர்களுக்கு அது இயலாததல்ல. அப்படிச் செய்யாமல், குடியிருப்பாளர் பூசிய நிறங்களையும் அவர்களது தேய்ந்த தரையையும் சுதைவேலையோடு சேர்த்தே பாதுகாத்தார்கள். சரியான முடிவு என்பதே என் கருத்து. பிரபுக்களின் காலத்தைவிட வாடகைக்காரர் அங்கே வாழ்ந்த காலம் நீண்டது. அந்த நூறாண்டுக்கு மட்டும் இன்னும் ஒரு பாணிப்பெயர் கிடைக்கவில்லை.