மல்லாட்டைக் குழம்பும் மார்சேய் சோப்பும்

ஸ்ரீமுஷ்ணத்துக் கடையில் வேர்க்கடலை என்று கேட்டால், கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மெட்ராஸுங்களா?" என்பார். எங்கள் பக்கத்தில் அது மல்லாட்டை. கொஞ்சம் திருத்தமாகப் பேசுகிறவர்களுக்கு மல்லாக்கொட்டை. விருத்தாசலம் மார்க்கெட் கமிட்டியில் ஏலம் விடும்போது மணிலா. மூன்றும் ஒரே சொல்தான். மணிலாக்கொட்டை என்பது வாயில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகியிருக்கிறது. தெற்கே போனால் நிலக்கடலை, மேற்கே கடலைக்காய், யாழ்ப்பாணத்தில் கச்சான். எங்கள் சொல்லில் மட்டும் பிலிப்பைன்ஸின் தலைநகர் உட்கார்ந்திருக்கிறது. தென்னமெரிக்காவில் பிறந்த செடி ஸ்பானியர்களின் கப்பலில் பசிபிக்கைக் கடந்து மணிலாவுக்கு வந்து, ஆசியாவுக்குள் நுழைந்த வழியை அந்தச் சொல் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் வந்தன. அவை இல்லாமல் இன்று நம் சமையல் கிடையாது. கல்யாணப் பந்தி வரைக்கும் ஏறிவிட்டன. மல்லாட்டை அப்படி ஏறவில்லை. எங்கள் ஊரில் மண்ணுக்குள் விளைவதற்கு மரியாதை இல்லாமலில்லை. பூமியைத் தோண்டி எடுத்த பூவராக சாமிக்குக் கோரைக்கிழங்கு உருண்டைதான் பிரசாதம். ஆனால் ஒரு விசேஷ வீட்டிலாவது மல்லாட்டைக் குழம்பு ஊற்றி நான் பார்த்ததில்லை. அது அடுப்படிக் குழம்பு. அறுவடை மாசத்தில், விருந்தாளி இல்லாத நாளில் வைப்பது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மூட்டை மூட்டையாக விளைந்த ஊரில் இந்தக் குழம்பு ஏன் இவ்வளவு அடக்கமாக இருக்கிறது? யார் வழியாக அடுப்படிக்குள் வந்தது?

சோப்புக்குப் போன கொட்டை

தென்னாற்காட்டில் மல்லாட்டை பெருகியதற்குக் காரணம் தென்னாற்காட்டுக்காரர்களின் பசி அல்ல. பிரான்ஸின் தென்கரையில் இருக்கும் மார்சேய் நகரத்தின் சோப்பு. அந்த ஊர் சோப்பு ஆலிவ் எண்ணெயில் செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கச் சோப்புக்கும் விளக்குக்கும் இயந்திரங்களுக்கும் எண்ணெய் வேண்டியிருந்தது, ஆலிவ் போதவில்லை. 1840களில் செனகலிலிருந்து நிலக்கடலை மார்சேய் ஆலைகளுக்குப் போக ஆரம்பித்தது. கொஞ்ச காலத்தில் அதே ஆலைகளின் கண் பாண்டிச்சேரி மீது விழுந்தது. பாண்டிச்சேரியும் பிரெஞ்சுக்காரர்களுடையது, அதைச் சுற்றியிருந்த செம்மண்ணோ பிரிட்டிஷ் தென்னாற்காடு. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் தூரம் குறைந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு ரயில் வந்தது. அதற்குப் பிறகு மல்லாட்டை மூட்டைக்கு வழி கேட்கவே வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம் எனக்குத் திரும்பத் திரும்ப ஆச்சரியம் தரும். மார்சேய் சந்தையில் செனகல் சரக்குக்கும் நம் சரக்குக்கும் ஒரே மரியாதை கிடைக்கவில்லை. செனகல் கடலை ஓட்டோடு போனது. தூரம் குறைவு, கட்டுப்படியாகும். இங்கிருந்து போவது பல மடங்கு தூரம். காயின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஓடு. யார் ஓட்டுக்குக் கப்பல் கூலி கொடுப்பார்கள்? அதனால் இங்கேயே உடைத்துப் பயிறாக அனுப்பினார்கள். உடைத்தது கையால். கை வலிக்காமல் ஓடு சீக்கிரம் விடட்டும் என்று காயைத் தண்ணீரில் நனைத்து உடைப்பார்கள். நனைந்த பயிறு கப்பலின் அடித்தளத்தில், வெக்கையில், வாரக்கணக்கில் கிடந்தால் என்ன ஆகும்? பூசணம் பிடிக்கும், எண்ணெய் காறும். ஆகவே செனகல் எண்ணெய் சாப்பாட்டு மேசைக்குப் போனது; நம் எண்ணெய் பெரும்பாலும் சோப்புக்கு.

பெண்கள் உட்கார்ந்து நனைத்து நனைத்து உடைத்த கொட்டை, பிரெஞ்சுக்காரர்கள் துணி துவைக்கப் போனது. மீந்த பிண்ணாக்கு மாட்டுக்கும், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையை நம்பிய கரும்பு வயல்களுக்கு எருவாகவும் போனது. மனுஷன் வயிற்றுக்கு என்று அந்தக் கணக்கில் ஒரு பத்தி கிடையாது.

கடைசியில் கணக்கே ஒரு நாள் நின்றது. 1914இல் போர் வந்து பிரான்ஸுக்குக் கப்பல் தடைபட்டதும் விலை சரிந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் மறுபடியும் சரிந்தது. மல்லாட்டையைப் பணமாக மட்டுமே பார்க்கப் பழகிய குடும்பத்துக்கு, பணம் ஆகாத மல்லாட்டை என்பது வெறும் கடன். நெல் வைத்திருப்பவன் விலை விழுந்தால் பொங்கித் தின்னலாம். மல்லாட்டையை எத்தனை வேளை தின்ன முடியும்?

சாலூம்

1890களில் தென்னாற்காட்டில் மல்லாட்டை விளைச்சல் படுத்துவிட்டது. விதை நலிந்து, நோய் தாக்கி, பரப்பும் சுருங்கியது. காப்பாற்றியது வெளியூர் விதை. 'மொரீஷியஸ்' என்ற பெயரில் புதிய கொடி ரகம் பாண்டிச்சேரி வழியாக உள்ளே வந்து பரவியது. அதன் பிறகு அரசாங்கம் பண்ணை வைத்து விதை பொறுக்க ஆரம்பித்தது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940இல் இரண்டு ரகங்கள் வந்தன. டி.எம்.வி. 2 என்பது 'குடியாத்தம் பன்ச்' என்ற நம்மூர்க் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. டி.எம்.வி. 1 கொடி ரகம். அதன் தாய் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பெயர் சாலூம்.

சாலூம் என்பது செனகலில் ஒரு நதி, நதியைச் சுற்றிய நாடு. அந்தச் சீமைக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. நிலக்கடலைக்கு முன்னால், பாண்டிச்சேரியிலிருந்து 'கினே' என்ற நீலத்துணி செனகலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நீலம் நம் பக்கத்து அவுரிச் செடியுடையது. செனகல் நதிக்கரையில் கருவேலம்பிசின் வாங்க அந்தத் துணியே காசு மாதிரிப் புழங்கியது. நாம் அவர்களுக்குத் துணி கொடுத்தோம். பிறகு அவர்களிடமிருந்து விதை வாங்கினோம். நடுவில் நின்று கமிஷன் பார்த்தது பிரெஞ்சுக் கம்பெனிகள்.

செனகல்காரர்கள் அந்தக் கொட்டையை என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. அவர்களும் மார்சேய்க்கு விளைவித்தார்கள். கம்பும் சோளமும் விளைந்த நிலம் கடலைக்குப் போனது. குறைந்த தானியத்துக்குப் பதிலாகப் பிரெஞ்சு இந்தோசீனாவிலிருந்து நொய்யரிசி கப்பலில் வந்து இறங்கியது. ஆனால் கூடவே அவர்கள் அதைக் குழம்பாகவும் வைத்தார்கள். மாஃபே என்று பெயர். மாலியில் திகாதெகெனா. வறுத்த கடலையை விழுதாக அரைத்து, வெங்காயம், தக்காளி, மிளகாய், இறைச்சி, கிழங்கோடு கொதிக்க வைத்து, அதே நொய்யரிசிச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவது. விருந்தாளிக்கு வைக்கும் குழம்பு அது, மறைவாக வைப்பதில்லை.

அவர்களால் ஏன் முடிந்தது? அமெரிக்கக் கடலை போகும் முன்பே அங்கே பம்பாராக் கடலை என்ற சொந்தச் செடி ஒன்று இருந்தது. அதுவும் மண்ணுக்குள் காய்ப்பது. பதினான்காம் நூற்றாண்டில் மாலிக்குப் போன இப்னு பதூதா, அங்குள்ளவர்கள் மண்ணைத் தோண்டி எடுத்து வறுத்துத் தின்னும் அவரை மாதிரியான கொட்டை பற்றியும், அது வறுத்த கொண்டைக்கடலை ருசியில் இருந்தது பற்றியும் எழுதியிருக்கிறார். (நம் ஆட்களும் இதைப் பார்த்ததும் கொண்டைக்கடலையைத்தான் நினைத்திருக்கிறார்கள், இல்லையென்றால் வேர்க்'கடலை' ஏது!) புதுக் கடலை போனபோது அங்கே அதற்கென்று பழைய சட்டி காத்திருந்தது. இங்கே சட்டி இல்லை, செக்கு இருந்தது. நல்லெண்ணெய் ஆட்டிப் பழகிய செக்கு. அதனால் நமக்கு மல்லாட்டை முதலில் எண்ணெயாகவும், அப்புறம் அவித்த காயாகவும் வறுத்த காயாகவும்தான் தெரிந்தது.

தப்புக் காய்

அப்படியானால் குழம்பு? என் கணிப்பு இது. குழம்பு நிலம் வைத்திருந்தவர் வீட்டிலிருந்து வரவில்லை. காய் ஆய்ந்த கைகள் வழியாக வந்தது.

செடி பிடுங்கும் நாளில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து செடியிலிருந்து காயைப் பறித்துக் குவிப்பார்கள். 'காய் ஆயறது' என்று பேர். ஆய்ந்ததை அளந்து, இத்தனை மரக்காலுக்கு இத்தனை என்று காயாகவே கூலி. அந்தக் காய் பச்சை, ஈரத்தோடு இருக்கும். கமிட்டிக்குக் கொண்டுபோக அது காயவேண்டும், மூட்டை சேரவேண்டும். ஒரு முறம் காயை வைத்துக்கொண்டு யார் ஏலத்துக்குப் போவது? அன்று ராத்திரியே அவித்துவிட வேண்டியதுதான். அவித்தது மிஞ்சினால் குழம்பில் போட வேண்டியதுதான்.

கூலிக்கு அப்புறம் இன்னொன்று உண்டு. செடி பிடுங்கிய நிலத்தில் மண்ணுக்குள் அறுந்து நின்றுவிட்ட காய்களைக் களைக்கொட்டால் கிளறிப் பொறுக்குவது. தப்புக் காய். கொத்து ரகம் என்றால் காய்கள் தண்டின் அடியிலேயே கொத்தாக இருக்கும், பிடுங்கினால் ஏறக்குறைய எல்லாம் கூடவே வந்துவிடும். சாலூம் மாதிரிக் கொடி ரகம் தரையில் படர்ந்து தூரம் தூரமாய் விழுது இறக்கும்; தோண்டினாலும் உழுதாலும் நிறைய உள்ளே நின்றுவிடும். அதாவது ரகம் மாறினால் தப்புக் காயின் அளவும் மாறும். ஆராய்ச்சி நிலையம் விளைச்சலை அளந்து எழுதியது. வயலில் எவ்வளவு தப்பியது என்பது முந்தானையில் அளக்கப்பட்டது.

எங்க ஆயா நிலத்தில் நின்று வேலை வாங்கியவர் இல்லை, வேலை செய்தவர். குழம்பு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், "வூட்டுக் காயா போட்டன், பொறுக்குன காயிதான? அப்படித்தான் இருக்கும்" என்பார். ரொம்ப நாள் எனக்கு அது தன்னடக்கமாகப் பட்டது. இப்போது யோசித்தால் அது ஒரு வரலாற்றுத் தகவல். ஏற்றுமதிக் கணக்குகள், துறைமுகப் பதிவுகள், 1906இல் வந்த தென்னாற்காடு கெஸட்டியர், எல்லாவற்றிலும் மல்லாட்டை இருக்கிறது. தப்பு பொறுக்கியவர்கள் எழுதிவைத்த ஒரே ஆவணம் இந்தக் குழம்பு.

வைக்கும் முறை

பச்சைக் காய் கிடைத்தால் உரித்து, உப்புப் போட்டு மெத்தென்று வேகவிடுங்கள். காய்ந்த பயிறு என்றால் முந்தின ராத்திரியே ஊறப்போடணும். கறுத்தது, சுருங்கியது, பூசண வாசம் அடிப்பது எதையும் சேர்க்காதீர்கள்; அந்தப் பூசணத்தின் நஞ்சு கொதியில் போகாது.

மல்லாட்டை எண்ணெயில் கடுகு, வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. தக்காளி குழைந்ததும் கத்திரிக்காய். குழம்பு மிளகாய்த்தூள், புளிக்கரைசல். பச்சை வாசம் போனதும் வெந்த பயிறு. ஒரு கைப்பிடி பயிறைத் தனியாக வறுத்து, தோல் ஊதி, தேங்காயோடு அரைத்துக் கடைசியில் ஊற்றி, தீயைக் குறைத்துவிடுங்கள். கருவாடு சேர்ப்பவர்கள் சேர்க்கலாம். மாஃபேயிலும் உலர்ந்த மீன் போடுவதுண்டு.

அரைத்த விழுதை ஊற்றியதும் குழம்பு திடீரென்று கெட்டியாகும். பயந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். மல்லாட்டையில் ஏறக்குறைய பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். அரைக்கும்போது எண்ணெய்த் துளிகளைப் புரதம் போர்த்திப் பிடித்துக்கொள்கிறது, அதுதான் அந்தக் கெட்டி. இளந்தீயில் கொதிக்கக் கொதிக்க அந்தப் பிடி விடும், எண்ணெய் பிரிந்து மேலே செக்கச்செவேலென்று மிதக்கும். அப்போது இறக்கலாம். டாக்கர் வீட்டிலும் மாஃபே வெந்ததற்கு இதே அடையாளம்தான். சோறு நல்லதுதான், கேழ்வரகுக் களி அதைவிடப் பொருத்தம்.

இப்போது

விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் இன்றும் ரகங்கள் விடுகிறது, வி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளோடு அவை வெளி மாநிலங்களுக்கும் போகின்றன. மார்சேய் போய், நடுவில் டால்டா வந்து போய், இப்போது சமையலறையில் பாமாயில். ரேஷன் கடையிலேயே பாக்கெட்டில் கிடைக்கிறது. மல்லாட்டை விளைந்த வீட்டில் மலேசியா எண்ணெய், மல்லாட்டை எண்ணெயோ நகரத்து 'மரச்செக்கு' கடையில், என் மாதிரி ஐ.டி. சம்பளக்காரர்களுக்கு.

காய் ஆய்வதற்கு இயந்திரம் வந்துவிட்டது. கூலி காசாகக் கொடுக்கப்படுகிறது. பெண்கள் இடுப்பு ஒடிய உட்கார்ந்து ஆய வேண்டாம் என்றால் அதில் வருத்தப்பட எனக்கு ஒன்றும் இல்லை. ஆயாவின் விரல் நகங்களைப் பார்த்தவனுக்கு அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வாய் வராது. ஆனால் முறத்தில் காயோடு வீடு திரும்புவதும் கூடவே போய்விட்டது. இனிமேல் ஸ்ரீமுஷ்ணத்திலும் குழம்புக்கு மல்லாட்டை கடையில் கிலோ கணக்கில் வாங்கியது. காசு கொடுத்து வாங்கியதை விருந்தாளிக்கு வைக்கக் கூச்சம் இருக்காது. ஒருவேளை அடுத்த தலைமுறையில் அது கல்யாணப் பந்திக்கே வரலாம். வரட்டும். அன்றைக்குப் பந்தியில் யாராவது இது எந்த ஊர்க் குழம்பு என்று கேட்டால், மணிலாவும் சாலூமும் மார்சேயும் சொல்லிவிட்டு, பொறுக்கியவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.