துறைமுகக் குமாஸ்தாவும் காணாமல் போன அலுவலகமும்

கஸ் வான் சான்ட் இயக்கிய 'குட் வில் ஹன்டிங்' (1997) படத்தில் லாம்போ என்கிற கணிதப் பேராசிரியர், உளவியல் கற்பிக்கும் தன் பழைய தோழன் ஷானிடம் ராமானுஜன் கதையைச் சொல்கிறார். இந்தியாவில் எங்கோ ஒரு குடிசை, முறையான கல்வி கிடையாது, கைக்குக் கிடைத்த ஒரு பழைய கணக்குப் புத்தகம், பிறகு நேரே ஹார்டி. நாலைந்து வாக்கியங்கள்தான். அதற்குள் சென்னைத் துறைமுகம் முழுசாகத் துடைக்கப்பட்டு விடுகிறது.

படத்துக்கு அந்தக் குடிசை தேவைப்படுகிறது. அதன் நாயகன் வில், தெற்கு பாஸ்டனின் அநாதை; எம்.ஐ.டி.யில் தரை துடைக்கிறவன். மாணவர்களுக்குச் சவாலாகத் தாழ்வாரக் கரும்பலகையில் எழுதிவைத்த கணக்கை ஆளில்லாத நேரத்தில் போட்டுவிட்டுப் போகிறவன். கண்டெடுக்கும் ஆசான், கண்டெடுக்கப்படும் மேதை, நடுவே யாரும் இருக்கக்கூடாது. மேதைமை பற்றிய கதையாடல் இந்த வெற்றிடத்தின் மேல்தான் கட்டப்படுகிறது. ராமானுஜன் விஷயத்தில் அந்த இடத்தில் இருந்தது என்ன? விடை ராயபுரத்துக்குச் சற்றுத் தெற்கே கிடக்கிறது.

கும்பகோணத்திலும், பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேற முடியாமல் போன ராமானுஜன், 1912 மார்ச் 1 அன்று போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். குடியிருப்பு ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலி தெரு. 1913 ஜனவரி 16 அன்று ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தன்னை இந்த வேலையால்தான் அவர் அறிமுகப்படுத்திக்கொள்கிறார்: வருடத்துக்கு 20 பவுன் சம்பளக்காரன் என்று. அன்றைய மதிப்பில் மாதம் 25 ரூபாய்.

அந்தப் பிரிவின் தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளர். மாலை வேளைகளில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். பல படிகளைத் தாண்டித் தாண்டிப் போன இளைஞனிடம், என்னைப் போன்றவனுக்கும் புரிகிற மாதிரி எழுதேன் என்று கேட்டவர் இவர். ஆசான் என்ற சொல்லை யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றால் நான் முதலில் இவருக்குத்தான் கொடுப்பேன். தன்னைவிடப் பெரியவன் தனக்குக் கீழே உத்தியோகம் பார்க்கிறான் என்று தெரிந்தும் பொறாமைப்படாமல் இருப்பது லேசான காரியமா? (லாம்போவால் அது முடியவில்லை. படத்தின் நல்ல காட்சிகள் அந்த வேதனையில்தான் பிறக்கின்றன.)

நாராயண ஐயருக்கு மேலே தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், பொறியாளர். 1913 பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தபோது ராமானுஜனின் குறிப்பேடுகள் அவர் பார்வைக்கு வைக்கப்பட்டன. வாக்கர் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அதே மே மாதம் பட்டமில்லாத குமாஸ்தா, மாதம் 75 ரூபாய் உதவித்தொகையில் ஆய்வு மாணவர் ஆனார். ஆக, ஹார்டியின் மேஜைக்குப் போய்ச் சேருமுன் இந்த மேதைமை ஒரு அலுவலகத்தின் வழியாக நகர்ந்திருக்கிறது. 2014இல் ஞான ராஜசேகரன் எடுத்த தமிழ்ப் படமும், 2015இல் வந்த ஆங்கிலப் படமும் துறைமுகத்தைக் காட்டத்தான் செய்கின்றன, கப்பல் ஏறுமுன் கடக்கிற ஒரு நிறுத்தமாக.

இனி சங்கடமான பகுதி. கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசுவாமி ஐயர், கும்பகோணத்தில் பாடம் சொன்ன பி.வி. சேஷு ஐயர், மாதாமாதம் பணம் கொடுத்த நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ், பிறகு நாராயண ஐயர். ஒருவர் கைக்கடிதம் இன்னொருவர் வாசலைத் திறக்கிறது. ராமானுஜனின் வறுமை பொய்யல்ல. காகிதம் வாங்க வழியில்லாமல் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்தவர். ஆனால் அவருடைய வறுமைக்கு ஒரு முகவரி இருந்தது. தேர்வில் தோற்ற பிராமண இளைஞனுக்குத் திறந்த கதவுகள், அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனுக்குச் சுவராகவே இருந்தன. வில் மாதிரி தரை துடைக்கிறவன் இங்கே கரும்பலகை இருக்கும் தாழ்வாரம் வரைக்கும் வந்திருக்கவே முடியாது.

அந்தச் சுவர் மணலிலும் எழுதப்பட்டிருக்கிறது. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் வடக்கே போகிற மணலை மறித்துவிட, தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்றது. அலையைத் தாண்டிச் சரக்கேற்றிய மசூலாப் படகுக்காரர்கள் அதற்கு முன்பே தொழிலை இழந்திருந்தார்கள். ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினரான அதே 1918இல்தான், பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்கள் மெட்ராஸ் லேபர் யூனியனில் திரண்டார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்கிற பழக்கம் நம் வரலாற்றாசிரியர்களுக்கு இல்லை.

இதைச் சொன்னதுமே நம்மாட்கள் ஒரு வாதத்தை எடுப்பார்கள்: குப்பத்தில் எத்தனை ராமானுஜன்கள் வீணாய்ப் போனார்களோ! எனக்கு இதில் உடன்பாடில்லை. இதுவும் மேதை வழிபாடுதான். ஒரு பிள்ளைக்குச் சிலேட்டு கொடுக்க அது மேதையாக இருந்தாக வேண்டுமா? சுமாராகக் கணக்குப் போடுகிற பிள்ளைக்கு உரிமையில்லையா?

மேதைக்கே கூட எல்லாம் கிடைத்துவிடவில்லை. வில்லுக்கு லாம்போவும் கிடைத்தான், ஷானும் கிடைத்தான்; உன் தப்பு இல்லையடா என்று திரும்பத் திரும்பச் சொல்ல ஒரு ஆள் இருந்தது. கேம்பிரிட்ஜில் ராமானுஜனுக்கு ஷான் இல்லை. போர்க்காலம், ஒத்துவராத சாப்பாடு, நோய், ஊரிலிருந்து வராத கடிதங்கள். அதே 1918இல் லண்டன் சுரங்க ரயில் பாதையில் அவர் உயிரை விட முயன்றார். 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பலில் இதே துறைமுகத்திலிருந்து புறப்பட்டவர், 1919இல் நோயாளியாகத் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் சேத்துப்பட்டில் இறந்தார். மனைவி ஜானகி தையல் வேலை செய்து பிழைத்தார், 1994 வரை இருந்தார். படத்தில் ஊரை விட்டுக் கிளம்புவதே விடுதலை. இங்கே அப்படி அமையவில்லை.

முன்னால் கேட்ட கேள்விக்குக் காரியத்தில் பதில் சொன்னவர் வடசென்னையிலேயே இருந்தார். பி.கே. சீனிவாசன் (1924–2005), முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர். ராமானுஜனை அறிந்தவர்களைத் தேடித்தேடிக் கடிதங்களையும் நினைவுகளையும் திரட்டி 1968இல் அந்தப் பள்ளியின் வழியாகவே இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். கேம்பிரிட்ஜ் அல்ல, ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளிக்கூடம். ஆனால் இவர் வகுப்பில் மேதையைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. காகிதத்தை மடித்தும், காசு செலவில்லாத பொருள்களை வைத்தும் எந்தப் பிள்ளைக்கும் கணக்கு வரும் என்று செய்து காட்டினார். கண்காட்சி வைத்து, பிள்ளைகளையே பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்ல வைத்தார். 1993இல், ராயபுரம் சோமு செட்டி தெருவில், அவ்வை கலைக் கழகத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தையும் கணிதக் கல்வி மையத்தையும் தொடங்கினார். கடிதங்களின் நகல்களும் படங்களும் அங்கே சுவரில் ஏறின. ஜானகி அப்போது உயிரோடிருந்தார்.