பட்டயமும் பகிர்ந்த பொறுப்பும்

இறையியல் பயில வரும் மாணவர் முதலில் வினவுவது, "இங்குப் பெறும் பட்டத்திற்கு அங்கீகாரம் உண்டா?" என்பதே. வினா தவறன்று. ஆனால் அங்கீகாரத்தை ஒரு தாளின்மேல் இடப்பட்ட முத்திரையாக மட்டுமே நாம் கருதிவிடுகிறோம். செராம்பூரின் வரலாறு இக்கருத்தைத் திருத்துகின்றது.

கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகிய மூவரும் 1818ஆம் ஆண்டில் செராம்பூர்க் கல்லூரியை நிறுவினர். ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள அந்நகர், நம் தரங்கம்பாடியைப் போலவே, அன்று டென்மார்க்கின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. டென்மார்க் மன்னர் ஆறாம் பிரடெரிக் 1827 பிப்ரவரி 23ஆம் நாள் அளித்த பட்டயத்தினால் கல்லூரி பட்டம் வழங்கும் உரிமையைப் பெற்றது. 1845இல் இவ்விரு நகர்களும் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபோது, உடன்படிக்கை அவ்வுரிமையைக் காத்தது.

எனினும் முதல் பி.டி. பட்டங்கள் 1915இல்தான் வழங்கப்பட்டன. உரிமை கிடைத்து 88 ஆண்டுகள் கடந்திருந்தன! நிறுவினோர் மூவரும் 1837க்குள் மறைந்தனர். 1857 முதல் கல்லூரி கல்கத்தாப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இயங்கிற்று. பட்டயம் இருந்தது, அதைப் பயன்படுத்தும் ஏற்பாடுதான் இல்லை. முதல்வர் ஜார்ஜ் ஹவல்ஸ் இறையியற் கல்வியைப் புதுப்பித்த பின்னரே அப்பட்டயம் உயிர்பெற்றது.

அடுத்த படி இன்னும் பெரிது. 1918ஆம் ஆண்டின் செராம்பூர்க் கல்லூரிச் சட்டத்தால் கல்லூரியின் நிர்வாக மன்றம் விரிவாக்கப்பட்டு, பாப்திஸ்து சபையாரிடம் இருந்த பொறுப்பில் ஏனைய திருச்சபையாரும் பங்கு பெற்றனர். பாடத்திட்டத்தையும் தேர்வையும் கவனிக்கச் செனட் பேரவை அமைந்தது. ஒரு சபையின் சொத்தாக வைத்துக் காத்திருக்கக்கூடிய உரிமை, பல சபைகளின் பொறுப்பாயிற்று. இதனாலன்றோ தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் திருச்சபைகளும் கூடி 1969இல் நிறுவிய மதுரை அரசரடி இறையியற் கல்லூரி உட்பட, பல மரபினரின் கல்லூரிகள் ஒரே பேரவையின் பட்டத்திற்கு மாணவரை ஆயத்தப்படுத்துகின்றன!

அமெரிக்காவிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சியைக் காண்கிறோம். அங்கும் 1918இல்தான் இறையியற் கல்லூரிகள் ஹார்வர்டில் கூடிக் கலந்தாய்வைத் தொடங்கின. 1936இல் அவை ஒரு சங்கமாகித் தர அளவுகளை வகுத்தன. 1938இல் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் முதற்பட்டியல் வெளிவந்தது. அத்தகுதியை அளித்தது மன்னனோ அரசோ அன்று. உடன் கல்லூரிகளின் ஆய்வே.

மதிப்பீட்டுக் குழு வரும் நாளில் நூலகத்தைத் துடைத்து, பதிவேடுகளைச் சீர்செய்து, குறைகளை மறைக்க முயல்கிறோம். அக்குழுவினர் நம் உடன் ஊழியரே. "நீங்கள் பயிற்றுவித்தவரை எங்கள் சபை நம்பி ஏற்கலாமா?" என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. அதற்கு உண்மையாய் விடையளிக்கும் கல்லூரிக்கே அங்கீகாரம் பொருளுடையதாகும். மற்றக் கல்லூரிகளில் அது பெட்டியில் கிடக்கும் பட்டயமே.