திசைவி

ரூட்டருக்குத் தமிழில் வைத்த பெயர் திசைவி. துற – துறவி, பிற – பிறவி என்று ‘வி’ விகுதி வினையடியோடு சேர்வதே வழக்கம்; இங்கே திசை என்ற பெயர்ச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், பழந்தமிழில் திசைத்தல் என்றொரு வினை உண்டு. அதன் பொருள் திகைத்தல், மயங்குதல்!

கருவி அப்படி மயங்குவதில்லை. வந்த தரவுப் பொதி (பாக்கெட்) சேரவேண்டிய ஐபி முகவரியைத் தன் வழி அட்டவணையோடு ஒப்பிடும். பொருந்தும் வரிகளில் மிக நீண்ட முன்னொட்டு கொண்டதைத் தேர்ந்தெடுக்கும். 10.1.0.0/16, 10.1.5.0/24 இரண்டும் இருந்தால், 10.1.5.9க்கான பொதி இரண்டாவது வழியில்தான் போகும். எந்த வரியும் பொருந்தாமல், பொதுவழியும் குறிக்கப்படாமல் இருந்தால் பொதியைக் கைவிட்டுவிடும்.

சுவிட்ச் கதை வேறு. ஆங்கிலத்தில் அது முதலில் மெல்லிய வளாரைக் குறித்தது. பிறகு ரயிலைத் தடம் மாற்றும் அமைப்புக்கும் மின்விளக்குக்கும் வந்தது. தமிழில் அதற்கு வைத்த ‘நிலைமாற்றி’ என்ற பெயர் விளக்குக்குச் சரி. வலையமைப்பு சுவிட்ச் எந்த நிலையையும் மாற்றுவதில்லை. தரவுச் சட்டகம் (ஃபிரேம்) எந்த வாயிலில் நுழைந்தது என்பதோடு சேர்த்து, அனுப்பியவரின் 48 பிட் மேக் முகவரியைக் குறித்துக்கொள்கிறது. பெறுநர் தெரிந்தவரானால் அவருக்குரிய வாயிலில் மட்டும் விடும். தெரியாதவரானால், வந்த வாயில் நீங்கலாக எல்லாவற்றிலும் விடும்.

இலக்கணக் குறை இருந்தாலும் திசைவி நிற்கட்டும். சுவிட்சை, நல்ல சொல் கிடைக்கும்வரை, சுவிட்ச் என்றே எழுதுங்கள்.