உளநல சிகிச்சையும் குற்றத் தடுப்பும்

2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் பம்பலப்பிட்டிக் கடற்கரையில் நிகழ்ந்த கொடூரத்தைக் கொழும்புவாழ் தமிழர் எளிதில் மறந்திருக்க முடியாது. கல்லெறிந்தார் எனக் கூறப்பட்ட, மனநோயால் பீடிக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் ஒருவர் கடலுக்குள் விரட்டப்பட்டு, கைகூப்பி மன்றாடியபோதும் பொல்லுகளால் தாக்கப்பட்டு, நீரில் மூழ்கி உயிரிழந்தார். தொலைக்காட்சிக் கமரா அதனைப் பதிவு செய்திருந்தமையாலேயே நாடு அதனை அறிந்தது. நோயாளி ஒருவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது சிகிச்சை, கிடைத்ததோ பொல்லடி.

மனநோயாளர் என்றாலே ஆபத்தானவர் என்ற எண்ணம் எமது சமூகத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. அது தவறானது. அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் எவருக்கும் தீங்கிழைப்பதில்லை. வன்முறைக்கு இலக்காகும் அபாயமே அவர்களுக்கு அதிகம். ஆயினும் சிகிச்சை இடைநடுவில் அறுந்து, வறுமையும் போதைப் பழக்கமும் சேர்ந்துகொள்ளும்போது, ஒரு சிறு பகுதியினர் பொலிஸ் நிலையத்திற்கும் விளக்கமறியலுக்கும் போய்ச் சேருகின்றனர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இத்தொடர்பினை அமெரிக்க ஆய்வொன்று அளந்து காட்டியுள்ளது. வறியோருக்கென அந்நாட்டு அரசு நடத்தும் மருத்துவக் காப்புறுதித் திட்டம் மெடிக்கெய்ட் ஆகும். தென் கரோலினா மாநிலத்தில், சிறுபராயத்தில் இதன் பயனைப் பெற்ற பலர் 19 வயதை அடைந்ததும் அதனை இழந்தனர். அவ்வாறு இழந்த இளைஞர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் சிறை செல்லும் வாய்ப்பு, அவர்களையொத்த ஏனையோரைவிட 15 சதவீதம் அதிகமாக இருந்ததைப் பொருளியலாளர் எலிசா ஹாகோமே கண்டறிந்தார். இந்த அதிகரிப்பு பெரும்பாலும், முன்னர் உளநல சிகிச்சை பெற்றிருந்தோரிடையே காணப்பட்டது என்பது கவனத்திற்குரியது. குற்றத்தைக் குறைப்பதற்குத் தண்டனையைக் கடுமையாக்குவதிலும் பார்க்கக் காப்புறுதியை நீடிப்பதே சிக்கனமானது என்பதும் அவரது முடிவாகும்.

இலங்கையின் நிலைமை வேறு. இங்கு அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை பெறக் காப்புறுதி அட்டை தேவையில்லை; 19 வயதில் அந்த உரிமை அற்றுப்போவதுமில்லை. கொட்டாஞ்சேனைக்குத் தேசிய வைத்தியசாலையும், வெள்ளவத்தைக்குக் களுபோவில வைத்தியசாலையும் தொலைவில் இல்லை. கதவு திறந்தே இருக்கின்றது. எனினும் பலர் அதனுள் நுழைவதில்லை. நுழைந்தவர்களிலும் பலர் இடையில் நின்றுவிடுகின்றனர். ஏன்?

முதலாவது காரணம் மொழி. எலும்பு முறிவை எக்ஸ்ரே படம் காட்டிவிடும். மனத்தின் முறிவையோ நோயாளியின் வார்த்தைகளே காட்டவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியான பின்னரும், மகனின் நிலையை எடுத்துரைக்க அயலவரைத் துணைக்கு அழைத்துச் செல்லும் தாயின் இக்கட்டு நாம் அறியாததல்ல. அயலவர் அறிந்தால் ஊர் அறியும் என்ற அச்சம் அடுத்த தடையாகின்றது. மாதந்தோறும் கிளினிக் வரிசையில் கழியும் ஒருநாட் கூலி மூன்றாவது தடை. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது ஏற்பட்ட மருந்துத் தட்டுப்பாடு, இலவச சிகிச்சையும் எந்நேரமும் அறுந்துபோகலாம் என்பதை உணர்த்தியது.

சித்தசுவாதீனமற்ற நிலையில் புரிந்த செயல் குற்றமாகாது எனத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு கூறுகின்றது. ஆனால் இப்பாதுகாப்பு நீதிமன்றப் படியேறிய பின்னரே கிடைப்பதாகும். அதற்குள் பாதிக்கப்பட்டவருக்கு நேர்ந்தது நேர்ந்ததே. நோயாளியின் குடும்பமும் சிதைந்துவிடுகின்றது. தற்கொலை முயற்சியைத் தண்டித்த சட்டப்பிரிவு 1998இல் நீக்கப்பட்டபோது, சட்டம் நோயை நோயாகவே நோக்கக் கற்றுக்கொண்டது. அதே நோக்கு வீதியிலும் பொலிஸ் நிலையத்திலும் ஏற்பட வேண்டும்.

பெருந்தொகைப் பணத்தைக் கோரும் புதிய திட்டங்களை நாம் வேண்டவில்லை. தமிழில் உரையாடக்கூடிய உளநல ஆலோசகர்கள் தலைநகரின் கிளினிக்குகளில் நியமிக்கப்படுதல், தவணைக்கு வராத நோயாளரைத் தேடிச் செல்லுதல், அத்தியாவசிய மருந்துகளின் கையிருப்பை உறுதிசெய்தல், மனநோயாளரைக் கையாளும் முறையில் பொலிஸாருக்குப் பயிற்சியளித்தல் ஆகியனவே எமது கோரிக்கைகள். 119 என்ற பொலிஸ் இலக்கத்தை அறியாதவர் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் ஒவ்வொரு இல்லமும் அறிந்திருத்தல் வேண்டும். முதலாவதை அழைக்கும் நிலை வருமுன் இரண்டாவதை அழைக்கப் பழகுவோமாயின், பம்பலப்பிட்டியில் கூப்பிய அந்தக் கைகளுக்கு நாம் காலந்தாழ்த்தியேனும் பதிலளித்தவர்களாவோம்.