யுஎஸ்பிஏஎஸ்பி

யுஎஸ்பிஏஎஸ்பி என்பது ஏவிஆர் வகை மைக்ரோகண்ட்ரோலர்களுக்குள் நிரலை ஏற்றப் பயன்படும் திறமூலப் புரோகிராமர் போர்டு. ஜெர்மனியைச் சேர்ந்த தாமஸ் ஃபிஷ்ல் 2005இல் உருவாக்கினார். சுற்றுப்படம், உள்நிரல் இரண்டையும் குனூ பொது உரிமத்தில் வெளியிட்டார். ஒரு ஏடிமெகா8 சிப், 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், இரண்டு செனார் டயோடு, இரண்டு எல்இடி, சில ரெசிஸ்டர், கெபாசிட்டர் ஆகியவற்றைக் கொண்டே இதைக் கட்டிவிடலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான்.

இதற்கு முன்பு கணினியின் பேரலல் போர்ட்டிலிருந்து நாலைந்து ரெசிஸ்டர் வழியாக ஒயர் இழுத்துச் சிப்பில் கோர்ப்பதே மலிவான வழி. 2000களின் நடுவில் மடிக்கணினிகளிலிருந்து அந்தப் போர்ட் மறையத் தொடங்கியது. யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் வாங்கியவர்களுக்கும் பயனில்லை. அது பிரிண்டருக்குத்தான் ஒத்துவரும், பின்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கும் வேலைக்கு ஒத்துவராது.

ஏடிமெகா8இல் யுஎஸ்பி வன்பொருளே கிடையாது. வியன்னாவின் ஆப்ஜெக்டிவ் டெவலப்மென்ட் நிறுவனம் எழுதிய, பின்னாளில் வி-யுஎஸ்பி எனப் பெயர் பெற்ற நிரல்தான் அந்தக் குறையைத் தீர்த்தது. குறைவேக யுஎஸ்பியில் நொடிக்கு 15 லட்சம் பிட்கள் வருகின்றன. 12 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 8 துடிப்புகள் மட்டுமே. அதற்குள் பின்னைப் படித்து, இடையில் செருகப்பட்ட பிட்களைக் களைந்து, பைட்டைச் சேமிக்க வேண்டும். அசெம்பிளியில் துடிப்பை எண்ணி எண்ணி எழுதிய அந்த நிரல், சிக்கனத்துக்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

மறுபுறம், ஏற்ற வேண்டிய சிப்புடன் ஐஎஸ்பி என்ற முறையில் இது பேசுகிறது. ரீசெட் காலைத் தாழ்த்திப் பிடித்தபடி பதினறும எண்முறையில் ஏசி, 53, 00, 00 என்ற நான்கு பைட்களை அனுப்பும். சிப் 53ஐத் திருப்பிச் சொன்னால் கதவு திறந்துவிட்டது என்று பொருள். கணினியில் இதை இயக்குவது பெரும்பாலும் பிரையன் டீன் தொடங்கிய ஏவிஆர்டியூட் என்ற திறமூல மென்பொருள்.

இதே குடும்பத்தில் வேறு சிலவும் உண்டு. டிக் ஸ்ட்ரீஃப்லாண்டின் யுஎஸ்பிடைனியை அடியொற்றி லிமோர் ஃபிரைடு யுஎஸ்பிடைனிஐஎஸ்பியை உருவாக்கினார். ஆர்டுயினோ போர்டையே ஒரு ஸ்கெட்ச் ஏற்றிப் புரோகிராமராக்கலாம். இந்தியாவில், புது தில்லியின் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம் மாணவர்களுக்காக ஏடிமெகா32 கொண்ட மைக்ரோஹோப் போர்டை வடிவமைத்தது. அதில் பூட்லோடர் இருப்பதால் தனிப் புரோகிராமர் தேவையில்லை. பிற்கால ஏவிஆர் சிப்கள் யுபிடிஐ என்ற ஒற்றைக்கம்பி முறைக்கு மாறிவிட்டன, அவற்றுக்கு யுஎஸ்பிஏஎஸ்பி உதவாது.

கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் பக்கம் அறையெடுத்துத் தங்கிப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் பிராஜெக்ட் சாமானுக்கு மின்சார ரயில் ஏறி சென்னை எழும்பூரில் இறங்கி, மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போவது வழக்கம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் சீன நகல். திறந்த வடிவமைப்பு என்பதால்தான் அந்த விலைக்கு வருகிறது. ஆனால் பல நகல்களில், கணினியிலிருந்து கடிகார வேகத்தை மாற்ற இயலாத பழைய உள்நிரலே இருக்கும். நிரல் ஏற்ற வாங்கும் புது ஏடிமெகா8 ஆலையிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. ஐஎஸ்பி கடிகாரம் அதில் கால்பங்குக்குள், அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். போர்டோ வழக்கமாக 375இல் கேட்கும். சிப் பதில் சொல்லாது. சிப் செத்துவிட்டது என்று தூக்கிப்போட்டவர்கள் எத்தனையோ பேர். ஜே3 ஜம்பரைச் செருகினால் கடிகாரம் 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும், சிப் பேசத் தொடங்கும்.

நிலையான தீர்வு, 2011 மே மாதம் வந்த உள்நிரலை ஏற்றுவது. இங்கேதான் கோழி முதலா முட்டை முதலா என்ற கேள்வி எழுகிறது. புரோகிராமருக்குள் நிரல் ஏற்ற இன்னொரு புரோகிராமர் வேண்டும். பக்கத்து அறை நண்பனிடம் ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டையும் பத்துப்பின் கேபிளால் இணைத்து, நம்முடையதில் ஜே2 ஜம்பரைச் செருக வேண்டும். சில நகல்களில் ஜே2 இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருக்கும், ஒரு துண்டுக் கம்பியைச் சால்டர் செய்தால் போதும். கோப்பு சில நொடிகளில் ஏறிவிடும். அதன்பின் கேபிளைக் கழற்றி, ஜே2ஐ எடுத்துவிட்டு, நம்முடையதைக் கணினியில் செருகி, கேபிளை மீண்டும் இணைத்து, நண்பனுடைய போர்டில் ஜே2ஐச் செருகினால் அதையும் அதே மேசையில் புதுப்பித்துக் கொடுத்துவிடலாம்.