திருநங்கை

‘திரு’, ‘நங்கை’ இரண்டும் சேர்ந்த சொல். நம்பி என்ற ஆண்பாலுக்கு இணையான பெண்பால் நங்கை. சிறப்புடைய பெண்ணைக் குறிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் திருப்பாவையில் தோழியை ‘நங்காய்’ என்றே விளிக்கிறாள். ஆக, ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கும் விருதுநகர் மண்ணுக்கு இது வேற்றூர்ச் சொல் அல்ல.

ஆணாகப் பிறந்ததாகப் பதியப்பட்டுப் பெண்ணாக வாழ்பவரை இன்று திருநங்கை என்கிறோம். பழைய நூல்களில் பேடி, அலி என்று வரும். இவற்றில் ‘அலி’ தெருவில் வசையாகவே ஆகிவிட்டது. ‘ஒம்போது’ என்ற எண்ணையும் வசையாக்கி வைத்திருக்கிறோம். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே கிடப்பதும், வீடு கேட்டுப் போனால் வாடகைக்கு இல்லை என்பதும் அந்த வசையின் தொடர்ச்சிதான்.

கருணாநிதி ஆட்சியில் ‘திருநங்கை’ அரசு வழக்கில் நிலைபெற்றது. 2008இல் நலவாரியம் அமைந்தது. மூன்றாம் பாலினத்தை ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014 ஏப்ரல் 15இல் வந்தது. பெண்ணாகப் பிறந்ததாகப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. இருவரையும் உள்ளடக்கும் பொதுச்சொல் திருநர்.

நாடெங்கும் போகும் காலண்டரையும் டைரியையும் அச்சடிக்கிற சிவகாசியும் இதே விருதுநகர் மண்தான். அங்கே அச்சாபீசிலும் பட்டாசு ஆலையிலும் வேலை கேட்டு ஒரு திருநங்கை வந்து நின்றால், பெயரைக் கேட்டு வருகைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இந்தச் சொல்லுக்கு அங்கேதான் வேலை இருக்கிறது.